மூன்றோடா, மூன்றுக்குப் பிறகா

கிளட்ச் தேய்ந்த வண்டி கத்தும், நகராது.
ஒரு வாரமாய் என் கோல்ஃப்
நாலாவது கியரில் உறுமிக்கொண்டே
சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் போனது.
கருகல் வாடை கோட்டில் ஏறி, முடியில் ஏறி,
வேலைக்கும் கூட வந்தது.
ரொட்டி தீய்கிறதோ என்று
மேற்பார்வைக்காரி அடுப்பைத் திறந்து பார்த்தாள்.

பட்டறையில் சொன்ன தொகைக்கு
இன்னொரு கோல்ஃப் வாங்கலாம்.
அதற்கும் கிளட்ச் தேய்ந்திருக்கும்.

லியெபாயாவில் அக்டோபர் கடைசி.
கராஜ் வரிசையின் தகரக் கதவுகளை
ஒவ்வொன்றாய்த் தட்டி
கடற்காற்று யாரையோ தேடுகிறது.
பாட்டரியைக் கழற்றினேன்.
கியர் எண்ணெயை வடித்தேன்,
அந்த நாற்றம் இதை எழுதும்போதும் நகக்கண்ணில்.
எஞ்சின் சரியாமலிருக்க
குறுக்கே ஒரு கட்டை, கட்டையிலிருந்து சங்கிலி.
ஆக்சில், கேபிள், ஸ்டார்ட்டர்.
கழற்றிய போல்ட்டுகளை
முட்டை அட்டையின் குழிகளில் அடுக்கினேன்,
எது எந்தத் துளை என்று பென்சிலில் எழுதி.
பன்னிரண்டு துளை, பதினொரு போல்ட்.
எனக்கு முன்னால் இதைத் திறந்த யாரோ
அவசரக்காரர்.

கியர்பாக்ஸை இறக்குவது சுலபம்,
பூமியும் கூட இழுக்கும்.
பாதி ஜாக்கில் இறங்கியது, பாதி என் தொடையில்.

பழைய தட்டில் ரிவெட் தெரிந்தது.
என் முன்னாள் கணவர்
பெடலிலேயே கால் வைத்து ஓட்டுவார்.
முழுசாய் மிதிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார்.
குறையாகச் சொல்லவில்லை,
தேய்மானத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

புதுத் தட்டை நடு மையத்தில் நிறுத்த
ஒரு கருவி உண்டாம்.
என்னிடம் துடைப்பக் கழி உண்டு.
துளையில் இறுகும்வரை டேப் சுற்றிச் சுற்றிப்
பருக்க வைத்தேன்.
ஆறு போல்ட், எதிரெதிராய், கால் திருப்பு கால் திருப்பாய்.

அதுவரை ஒற்றை ஆள் வேலை.
ஏற்றுவதற்கு நாலு கை வேண்டும்.

வரிசையில் விளக்கெரிந்தது பதினேழாம் எண்ணில் மட்டும்.
ரொஸ்திஸ்லாவ்.
பனியை என் கதவுப் பக்கம் தள்ளுகிறவர்.
மூன்று குளிர்காலமாய்ப் பேச்சில்லை.
போய் நின்றேன். கைகளைக் காட்டினேன்.
நல்ல தொப்பியைக் கழற்றி
அழுக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார்.

மல்லாந்து படுத்தோம்.
முப்பத்தைந்து கிலோ அலுமினியம் எங்கள் நடுவே
அழைக்காமல் வந்த சம்பந்தி மாதிரி.
உரலில் தலையை விட்டாயிற்று,
உலக்கைக்கு அஞ்சி என்ன ஆகப்போகிறது.
“வியென்ஸ், திவி, த்ரீஸ்” என்றேன்.
நான் மூன்றோடு தள்ளினேன்,
அவர் மூன்றுக்குப் பிறகு.
“ராஸ், த்வா, த்ரி” என்றார்.
இப்போது அவர் மூன்றோடு, நான் பிறகு.
எண்ணுகிறவருக்கு மூன்றில் முடிகிறது,
கேட்கிறவருக்கு மூன்றில்தான் தொடங்குகிறது.
ஷாஃப்ட் துளைவாயில் முகர்ந்து பார்த்துத்
திரும்பித் திரும்பி வந்தது.

வண்டியைப் பெற்றவளை ரஷ்ய மொழியில் விசாரித்தேன்.
இந்த விஷயத்தில் லாட்விய மொழி
அவ்வளவு வளமானதல்ல.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
எஞ்சினின் அடிவயிற்றைப் பார்த்துச் சிரித்தார்,
சிரித்ததில் கியர்பாக்ஸ் குலுங்கியது.

“எண்ணாதே, வெல்தா. கியரில் போடு.
ஆக்சில் பக்கம் விரல் வைத்து மெல்லத் திருப்பு.
மூச்சை விடும்போது தள்ளு.”
விட்டோம்.
தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்கிற அளவுக்கு
ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முட்டை அட்டையில் காலிக் குழியைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் போய்
மீன் டப்பா ஒன்றைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.
தலை பத்தொன்பது, மற்றதெல்லாம் பதினெட்டு.
மரை சேர்ந்தது.

பெடல் இப்போது வெண்ணெய்.
முதல் நாள் அது எங்கே பிடிக்கும் என்று தெரியாமல்
ஒரு துள்ளலில் பதினேழின் கதவுவரை போய் நின்றேன்.

டிசம்பரில் பனி விழுந்தது.
மறுபடியும் என் கதவுப் பக்கம்தான் தள்ளினார்.
இந்த முறை வெளியே வந்து வாய்விட்டுத் திட்டினேன்,
அவருக்குப் புரிகிற மொழியில், முழு நீளத்துக்கு.
தள்ளுபலகையை ஊன்றி நின்று
கடைசிவரை கேட்டுவிட்டு
உச்சரிப்பை இரண்டு இடத்தில் திருத்தினார்.